இரண்டு பை சேறு, ஒரு கிலோ இறால், 11,682 ரூபாய்

போன தை மாதம் சென்னையில் ஒரு தனியார் பரிசோதனைக் கூடத்தில் 11,682 ரூபாய் கட்டி மூன்று பொட்டலங்களைக் கொடுத்தேன். இரண்டில் சேறு, ஒன்றில் இறால். பதினெட்டு நாள் கழித்து மூன்று பக்க அறிக்கை வந்தது. பாதிக்கு மேற்பட்ட கட்டங்களில் ஒரே எழுத்துகள்: பி.டி.எல். கருவி கண்டறியக்கூடிய அளவுக்குக் கீழே என்று அர்த்தம். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கும்தான், அன்று ராத்திரி அறிக்கையின் கடைசிப் பத்தியைப் படிக்கும் வரைக்கும்.

கூடத்தின் பெயரைப் போடப்போவதில்லை. விசாரித்துப் பார்த்ததில் பல இடங்களில் இதே கதைதான் போலிருக்கிறது, ஒருவரை மட்டும் பிடித்துக் கும்முவதில் பிரயோசனம் இல்லை. என்னைப் போல யாராவது சேற்றையோ மீனையோ தூக்கிக்கொண்டு போனால் எங்கே ஏமாறுவார்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் பொன்னேரியில் வீட்டிலேயே இறால் தொக்கு போட்டு விற்கிறவள். இருபது வருடத்துக்கு முந்தைய பி.எஸ்சி. வேதியியல் கையில் இருக்கிறது. அது இத்தனை நாளும் வினிகரின் காரத்தன்மை பார்க்கக்கூடப் பயன்படவில்லை. (அமிலத்தன்மை என்று எழுத வேண்டும். பார்த்தீர்களா, அவ்வளவுதான் என் வேதியியல்.) இறால் பெரும்பாலும் பழவேற்காட்டுச் சந்தையில் ஒரு அக்காவிடம். அங்கே வரத்து இல்லாத நாளில் எண்ணூர் காட்டுக்குப்பத்துக்காரர்களிடம். சிங்கப்பூரிலிருந்து எப்போதும் ஆறு பாட்டில் வாங்கும் வாடிக்கையாளர் ஒருத்தி ஒருநாள் கேட்டாள்: "அக்கா, இது எண்ணூர் இறாலா? அங்க சாம்பல் கலக்குதாமே, ஈயம் கீயம் இருக்காதா?" இல்லை என்று சொல்ல வாய் வந்துவிட்டது. ஆனால் எதை வைத்துச் சொல்வது?

அவள் கேட்டதில் தப்பில்லை. எண்ணூர்க் கழிமுகத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கொசஸ்தலை ஆறு கடலில் சேருகிற இடம். ஒரு பக்கம் மணலித் தொழிற்சாலைகளின் கழிவைச் சுமந்துவரும் பக்கிங்காம் கால்வாய், இன்னொரு பக்கம் வட சென்னை, வல்லூர் அனல் மின் நிலையங்கள். பழைய எண்ணூர் மின் நிலையம் 1970-ல் தொடங்கி 2017-ல்தான் மூடப்பட்டது. நம் நாட்டு நிலக்கரியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சாம்பல். எரிகிறது எரிந்துபோக, நிலக்கரியில் துளித்துளியாக இருந்த ஆர்செனிக்கும் ஈயமும் காட்மியமும் அந்தச் சாம்பலில் செறிந்து நிற்கும். அந்தச் சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாயில் அனுப்புகிறார்கள். குழாய் ஒழுகி ஆற்றில் சாம்பல் படிந்தது ஊரறிந்த விஷயம், பசுமைத் தீர்ப்பாயம் வரைக்கும் போனது. போதாக்குறைக்கு 2017 ஜனவரியில் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு இன்னொரு எண்ணெய்ப் படலம் கழிமுகத்துக்குள்ளேயே வந்துவிட்டது. காட்டுக்குப்பத்தில் அந்த மாதம் வலையைக் கழுவி மாளவில்லை.

பழவேற்காடு அப்படியில்லை, வடக்கே தள்ளி இருக்கிறது, ஏரியும் பெரிது. ஆனால் பக்கிங்காம் கால்வாய் இரண்டையும் ஒரே தண்ணீரில் கோத்துவைத்திருக்கிறது. அதனால் இரண்டு இடத்துச் சேற்றையும் பார்த்துவிடலாம் என்று நினைத்தேன்.

ஏன் சேறு, தண்ணீரைப் பார்த்தால் போதாதா என்று என் வீட்டுக்காரர் கேட்டார். தண்ணீர் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை ஏற்றவற்றத்தில் மாறிவிடும். உலோகம் தண்ணீரில் அதிக நேரம் தங்காது; மெல்லிய களித்துகளிலும் மக்கிய இலைதழையிலும் ஒட்டிக்கொண்டு அடியில் போய்ப் படுத்துவிடும். கழியில் காலை வைத்தால் அழுகின முட்டை நாற்றத்தோடு கறுப்பாக வருமே, அந்தச் சேற்றில் காற்று கிடையாது. கந்தகத்தோடு கட்டுண்டு உலோகம் பத்திரமாக இருக்கும். தூர்வாரினாலோ புயல் கலக்கினாலோ அந்தக் கட்டு அவிழும். இறால் மேய்வது அந்தச் சேற்றின் மேல் தோலைத்தான்.

சேறு எடுத்த கதையில் என் முட்டாள்தனம் ஒன்று உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். படகுக்கார அண்ணன் கழியில் ஆழம் குறைந்த இடத்தில் நிறுத்தினார். நான் வீட்டிலிருந்து கொண்டுபோன எவர்சில்வர் கரண்டியால் அள்ளி பாலிதீன் பையில் கட்டினேன். "சேத்தை எதுக்கு தங்கச்சி மூட்டை கட்டுற, கரையில இல்லாத சேறா?" என்றார் அவர். எவர்சில்வரில் குரோமியமும் நிக்கலும் இருக்கிறது. குரோமியத்தை அளக்கப் போகிறவள் குரோமியக் கரண்டியால் அள்ளுகிறேன்! வீட்டுக்கு வந்துதான் உறைத்தது. மறுவாரம் பிளாஸ்டிக் கரண்டியோடு மறுபடி போனேன். மேலே நான்கைந்து சென்டிமீட்டர் மட்டும், ஒரே இடத்தில் இல்லாமல் அங்கங்கே ஐந்து அள்ளு, ஒரே பையில் கலந்து, ஐஸ் பெட்டியில் வைத்து எடுத்துவந்தேன். அண்ணன் படகு வாடகை வாங்கவில்லை. அடுத்த வாரம் ஒரு பாட்டில் தொக்கு போனது.

சரி, கூடத்துக்கு வருவோம்.

வரவேற்பு நன்றாக இருந்தது. குளிரூட்டிய அறை, தண்ணீர் பாட்டில், சுவரில் சான்றிதழ்கள். முன்மேசையில் இருந்த பையன் படிவத்தை நீட்டினான். மாதிரி வகை என்ற இடத்தில் மூன்றே கட்டங்கள்: தண்ணீர், மண், உணவு. சேறு என்று கட்டமே இல்லை. "மண்ணுன்னு போட்டுக்கலாம் மேடம்" என்று போட்டுக்கொண்டான். அடுத்த கேள்வி: "என்ன பயிர் மேடம்?"

"இறால்" என்றேன்.

சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டான். 'மற்றவை' என்று எழுதியிருக்கிறான், பிறகு அறிக்கையில் பார்த்தேன்.

ஈயம், காட்மியம், துத்தநாகம், குரோமியம் ஒவ்வொன்றுக்கும் 600 ரூபாய், பாதரசத்துக்குத் தனியாக 900. மாதிரிக்கு 3,300 ஆக மூன்றுக்கு 9,900, ஜி.எஸ்.டி. 1,782. விலை நியாயம்தான் என்று இப்போதும் சொல்வேன். ஏழு வேலை நாளில் தருவதாகச் சொல்லி பதினெட்டு நாள் இழுத்ததைக்கூட விட்டுவிடலாம். நடுவில் இரண்டு முறை போன் பண்ணினேன், இரண்டு முறையும் "ரிப்போர்ட் டைப் ஆகிட்டிருக்கு மேடம்." மூன்று பக்கம் அடிக்க அத்தனை நாளா?

இனிதான் விஷயம். அறிக்கையின் கடைசிப் பத்தியில், பொடி எழுத்தில், ஒவ்வொரு உலோகத்துக்கும் எந்த அளவு வரைக்கும் அவர்களால் நம்பி அளக்க முடியும் என்று போட்டிருந்தது. சேற்றில் காட்மியத்துக்கு அது கிலோவுக்கு 2 மில்லிகிராம். அதற்குக் கீழே எவ்வளவு இருந்தாலும் பி.டி.எல்.

கழிச் சேற்றை எடைபோட இங்கே ஆய்வுக் கட்டுரைகள் எழுதுகிறவர்கள் பலரும் எடுத்துக்கொள்வது அமெரிக்காவின் கடல், வானிலை ஆய்வு நிறுவனமான நோவாக்காரர்கள் வகுத்த அளவுகோல். அதில் இரண்டு கோடு. கீழ்க்கோட்டுக்குள் இருந்தால் சேற்றில் வாழும் உயிர்களுக்குப் பாதிப்பு அபூர்வம். மேல்கோட்டைத் தாண்டினால் பாதிப்பு அடிக்கடி. காட்மியத்துக்குக் கீழ்க்கோடு 1.2, மேல்கோடு 9.6. ஈயத்துக்கு 46.7, 218. பாதரசத்துக்கு 0.15, 0.71. எல்லாம் ஒரு கிலோ உலர்ந்த சேற்றுக்கு மில்லிகிராமில். இப்போது கணக்குப் போடுங்கள். காட்மியக் கீழ்க்கோடே 1.2-ல் இருக்கிறது, இவர்கள் கண் திறப்பதே 2-ல். கோட்டைத் தாண்டிய சேறும் இவர்கள் காகிதத்தில் பி.டி.எல். என்றே வரும். லாரி எடைபோடும் மேடையில் மூக்குத்தியைக் கழற்றி வைத்துவிட்டு 'எடை இல்லை' என்று சீட்டு வாங்கி வந்திருக்கிறேன்.

இறாலில் இன்னும் மோசம். இறால், நண்டு வகையறாவுக்கு நம் உணவுப் பாதுகாப்பு விதிப்படி ஈயத்தின் உச்ச வரம்பு கிலோவுக்கு 0.5 மில்லிகிராம். அறிக்கையில் அவர்களின் அளவுத் திறன் 1. வரம்பைப்போல ஒன்றரை மடங்கு ஈயம் இருக்கிற இறாலுக்கும் அந்தக் காகிதம் சந்தோஷமாக பி.டி.எல். போட்டிருக்கும். அதை நான் சிங்கப்பூருக்குப் படமெடுத்து அனுப்பத் தயாராக இருந்தேன்.

அப்புறம் கடைசி வரி: 'மண் பயிர் சாகுபடிக்கு ஏற்றது, தழைச்சத்து குறைவு.' எண்ணூர்க் கழிச் சேறு. சாகுபடிக்கு ஏற்றது!

மறுநாள் போன் பண்ணினேன். முன்மேசை கைகழுவியது: "மெஷின் சொல்றதைத்தான் மேடம் போடறோம்." பிடிவாதமாக நின்றதில் பரிசோதனை செய்த பெண்ணிடமே இணைப்புக் கொடுத்தார்கள். இந்த அனுபவத்தில் உருப்படியான இருபது நிமிடம் அதுதான். சுற்றி வளைக்காமல் பேசினாள். அவர்கள் பயன்படுத்தியது சுடர் வைத்து அளக்கும் ஏ.ஏ.எஸ். கருவி. துத்தநாகத்துக்கு அது தாராளம், காட்மியத்துக்கும் இறாலில் ஈயத்துக்கும் அது போதாது. இன்னும் நுணுக்கமாக அளக்கும் ஐ.சி.பி.-எம்.எஸ். என்கிற கருவி வேண்டும், அது அவர்களிடம் இல்லை, கேட்டால் வெளியே அனுப்பித் தருவார்களாம். ஆனால் யாரும் கேட்பதில்லை, முன்மேசையில் சொல்வதும் இல்லை.

"சேத்தை எப்படிக் காயவெச்சீங்கம்மா?" என்று கேட்டேன். 105 டிகிரியில், ராத்திரி முழுக்க அடுப்பில். "பாதரசத்துக்கு எடுத்ததையுமா?" கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பாதரசம் சூட்டில் ஆவியாகிப் போகிற சரக்கு. அதற்கென்று தனியாக எடுத்து நாற்பது டிகிரிக்குள் காயவைக்க வேண்டும், இல்லையென்றால் உறைய வைத்து உலர்த்த வேண்டும். "எல்லாத்தையும் ஒண்ணாத்தான் வெச்சோம் மேடம்" என்றாள். அப்படியானால் என் பாதரச எண்கள் குப்பைக்கு. 2,700 ரூபாய், வரி தனி.

இறாலை? தலையோடு, ஓட்டோடு மிக்சியில் அரைத்திருக்கிறார்கள். காட்மியம் இறாலின் தலைப்பகுதியில் இருக்கும் ஈரலில்தான் அதிகம் சேரும், சதையில் குறைவு. நான் தலையைக் கிள்ளி, ஓட்டை உரித்து, குடல் நரம்பை எடுத்துவிட்டுத்தான் தொக்கு போடுகிறேன். சாப்பிடாத பகுதியையும் சேர்த்து அளந்தால் அது என் தொக்கைப் பற்றிய எண்ணே இல்லை. இதில் தப்பு பாதி என்னுடையது, உரித்துக் கொடுத்திருக்க வேண்டும். ஆனால் உணவு என்று கட்டத்தில் டிக் அடித்த பையன் 'எந்தப் பகுதியைச் சாப்பிடுவீர்கள்' என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். என்ன பயிர் என்று கேட்கத் தெரிகிறது அல்லவா?

வைக்கும்போது அந்தப் பெண் மெதுவாகச் சொன்னாள்: "மேடம், சுவத்துல இருக்கிற என்.ஏ.பி.எல். சர்ட்டிபிகேட்ல எங்க ஸ்கோப் என்னன்னு பாத்துட்டுக் குடுத்திருக்கலாம்." என்.ஏ.பி.எல். என்பது பரிசோதனைக் கூடங்களுக்கு அங்கீகாரம் தரும் தேசிய வாரியம். இதுதான் எனக்குத் தெரியாமல் போனது. அந்த அங்கீகாரம் கூடத்துக்கு மொத்தமாகத் தருவதில்லை. எந்தப் பொருளில், எந்த உலோகத்தை, எந்த முறையில் என்று வரி வரியாகப் பட்டியல் போட்டுத் தருகிறார்கள். என்.ஏ.பி.எல். இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் அந்தப் பட்டியலைப் பார்க்கலாம். இவர்களுடையதில் குடிநீர் இருந்தது, வயல் மண் இருந்தது, சேறு கிடையாது. முத்திரை மட்டும் வாசலில் பெரிதாக இருந்தது.

பிறகு இன்னொரு கூடத்துக்குப் போனேன். அது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, வேலையை வேலையாகச் செய்தார்கள். மாதிரிக்கு 4,500, வரியோடு மொத்தம் 15,930. பதினைந்து நாள் என்றார்கள், பதினான்கில் கொடுத்தார்கள். கொடுக்கும்போதே அவர்கள் கேட்ட கேள்விகளில் பாதி எனக்கே பாடமாக இருந்தது. சேற்றை 63 மைக்ரான் சல்லடையில் சலிக்கட்டுமா, முழுசாகப் பார்க்கட்டுமா என்றார்கள். முகத்துவாரத்துப் பக்கம் மணல், உள்ளே களி. களியில் இயற்கையாகவே உலோகம் அதிகம். மணலையும் களியையும் பக்கத்தில் வைத்து 'இங்கே அதிகம், அங்கே குறைவு' என்று சொன்னால் அது மாசைச் சொல்லவில்லை, துகளின் பருமனைச் சொல்கிறது. சலித்து மெல்லியதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம், அல்லது அலுமினியத்தையும் அளந்து அதோடு வகுத்துக்கொள்ளலாம். அலுமினியம் களியோடு கூடவே ஏறி இறங்கும், அதனால் அதுவே நல்ல அளவுகோல். முதல் கூடத்து அறிக்கையில் இது பற்றி மூச்சே இல்லை. எந்த அமிலத்தில் கரைத்தோம் என்றும் இவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். ராஜ திராவகத்தில் (நைட்ரிக், ஹைட்ரோகுளோரிக் அமிலக் கலவை) கரைத்தால் துகளின் மேல் ஒட்டியிருப்பது பெரும்பாலும் வந்துவிடும், கல்லுக்குள் பூட்டியிருப்பது வராது. இறாலுக்கு மேலே ஒட்டியிருப்பதுதான் முக்கியம், ஆகவே அது போதும். ஆனால் எதில் கரைத்தது என்று தெரியாமல் இரண்டு கூடத்து எண்ணை ஒப்பிடக் கூடாது.

கனடாவின் தேசிய ஆய்வு மன்றம் கடற்சேற்றையே பொடியாக்கி, அதில் எந்த உலோகம் எவ்வளவு என்று சான்றோடு புட்டியில் விற்கிறது. அதில் ஒரு சிட்டிகையை என் சேற்றோடு கூடவே ஓட்டி, சான்றில் இருக்கிற எண் வருகிறதா என்று பார்த்து, எத்தனை சதவீதம் பிடிபட்டது என்பதை அறிக்கையில் ஒரு வரியாகச் சேர்த்திருந்தார்கள். அந்த ஒரு வரிக்காகவே 4,500 கொடுக்கலாம்.

என்ன வந்தது என்று கேட்பீர்கள். சேற்றின் எண்களை இங்கே போடப்போவதில்லை. ஒரே நாளில், இரண்டே இடத்தில் அள்ளிய சேறு; அதை வைத்து ஏரிக்கும் கழிக்கும் தீர்ப்பு எழுதினால் நான் அந்த முன்மேசைப் பையனைவிட மோசம். பழவேற்காட்டுச் சந்தை அக்காவுக்கு அந்த எண்ணால் ஒரு வாரம் வியாபாரம் போகும், சாம்பல் கொட்டினவர்களுக்கு ஒன்றும் ஆகாது. உரித்த இறால் சதையில் ஈயமும் காட்மியமும் 0.5 வரம்புக்குள் இருந்தன. அது அந்த ஒரு கிலோவுக்கான பதில். சிங்கப்பூர்க்காரிக்கு அப்படியேதான் எழுதினேன், எந்தத் தேதியில் எங்கே வாங்கிய இறால் என்பதோடு. அவள் ஆறு பாட்டிலுக்குப் பதில் நான்கு கேட்டாள். எண்ணூர் வேண்டாம், பழவேற்காடு மட்டும் என்றாள். காட்டுக்குப்பத்துக்காரர்களை நினைத்தால் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

முதல் கூடத்துக்கு ஐந்துக்கு இரண்டு. ஒன்று துத்தநாகத்துக்கு, அந்த எண் இரண்டு கூடத்திலும் ஏறக்குறைய ஒத்துப்போனது. இன்னொன்று போனில் பேசிய பெண்ணுக்கு. வயல் மண்ணோ கிணற்றுத் தண்ணீரோ என்றால் தயங்காமல் அங்கே போகலாம். சேறு, மீன், இறால் என்றால் பணம் கட்டுமுன் மூன்று விஷயம் எழுத்தில் கேளுங்கள்: எந்தக் கருவி, எவ்வளவு கீழே வரைக்கும், உங்கள் அங்கீகாரப் பட்டியலில் இந்தப் பொருள் இருக்கிறதா. 'ஆகிடும் மேடம்' என்று பதில் வந்தால் பொட்டலத்தைத் திரும்பத் தூக்கிக்கொள்ளுங்கள்.

மிச்சச் சேறு இரண்டு பை இன்னும் எங்கள் ஃப்ரீசரில் இருக்கிறது. போன வாரம் மாமியார் ஒன்றைப் பழம்புளி என்று நினைத்து ஊறப்போட எடுத்துவிட்டார். நாற்றம் வந்ததும் "எடுத்த இடத்துலயே கொண்டுபோய்க் கொட்டிட்டு வா" என்று ஒரே சத்தம். மழைக்காலம் முடிந்து வெள்ளம் வடிந்ததும் அதே இடங்களில் இன்னும் இரண்டு பை அள்ள வேண்டும். நான்கையும் சேர்த்து அனுப்பினால் இரண்டாவது கூடத்தில் பத்து சதவீதம் குறைப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதுவரைக்கும் பை மேல் 'சேறு' என்று பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறேன்.